யாருடைய செருப்பு?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் நண்பனின் அப்பா இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த அன்று இரவே ஒரு கவிதை எழுதினேன். வாசலில் ஒரு ஜோடி பழைய செருப்பு தனியாகக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். அதை, ஓடக்காரன் இல்லாத இரண்டு ஓடங்கள் என்று எழுதி ஃபேஸ்புக்கில் போட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். 'கலங்கிட்டேன்' என்று முன்பின் தெரியாதவர்கள்கூடக் கமெண்ட் போட்டார்கள். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நண்பனோடு டீ குடிக்கப் போனேன். அவன் கோபப்படவில்லை. "கவிதை நல்லா இருந்துச்சுடா. ஆனா அந்தச் செருப்பு அப்பாவோடது இல்ல, மாமாவோடது. அப்பா செருப்ப ஆஸ்பத்திரியிலயே மறந்து விட்டுட்டு வந்துட்டோம்" என்றான்.

அன்றைக்கே பதிவை அழித்துவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. அடுத்தவர் துயரத்தை அழகாகச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதற்கும் கீழே இன்னொரு கேள்வி: துயரத்தை அழகாகச் சொல்வதே ஒரு ஏமாற்று வேலைதானா? அழுகிறவருக்கு எதுகை மோனையா தோன்றும்? படிமமும் வடிவமும் தாளமும் வலிக்கு மேல் பூசுகிற ஜிகினாதானா?

இது பழைய சண்டை. ஆஷ்விட்ஸுக்குப் பிறகு கவிதை எழுதுவது காட்டுமிராண்டித்தனம் என்ற பொருள்பட ஜெர்மன் தத்துவவாதி தியோடர் அடோர்னோ எழுதியது 1951-இல் வெளிவந்தது. பிறகு 1966-இல் வந்த நூலில் அவரே அதைத் தளர்த்திக்கொண்டார். வதைபடுகிறவனுக்குக் கத்த உரிமை இருப்பதுபோல, துன்பத்துக்கும் வெளிப்பட உரிமை உண்டு என்பது அவர் பிற்பாடு வந்து சேர்ந்த இடம்.

இந்தச் சண்டையில் அடிக்கடி இழுக்கப்படும் கவிதை பால் செலானின் 'மரண ஃபியூக்'. செலான் தன் பெற்றோரை முகாமில் பறிகொடுத்தவர். ஃபியூக் என்பது மேற்கத்திய இசையின் ஒரு வடிவம். ஒரே மெட்டை ஒரு குரல் தொடங்க, இன்னொரு குரல் அதையே பிடித்துக்கொண்டு பின்னால் துரத்தும். 1947-இல் ருமேனிய மொழிபெயர்ப்பில் இந்தக் கவிதை முதலில் அச்சானபோது தலைப்பு 'மரண டேங்கோ' என்று இருந்தது. டேங்கோ நடன இசை. இவ்வளவு இசையாக எழுதலாமா என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த முகாம்களில் கைதிகளையே வாத்தியம் வாசிக்கச் சொன்னார்கள் என்பது வரலாறு. கொன்றவர்கள் சங்கீதம் தெரிந்தவர்கள். அப்படியென்றால் கவிதையின் தாளம் அலங்காரமாக வந்து ஒட்டிக்கொண்டது இல்லை, நடந்த குற்றத்தின் ஒரு பகுதி அது. அதை எடுத்துவிட்டு உரைநடையில் சொன்னால் உண்மையில் பாதி போய்விடும்.

சரி, அழகு எப்போதும் பொய் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் என் ஓடங்கள் ஏன் பொய்யாயின?

பதில் தேடியபோது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன ஒரு பாட்டிடம் திரும்பிப் போனேன். புறநானூற்றின் 112-ஆம் பாடல். மூவேந்தரும் சூழ்ந்து நின்ற போரில் பாரி மாண்டான், பறம்பு மலை கைவிட்டுப் போனது. அதன்பின் பாரி மகளிர் பாடியதாக வரும் ஐந்தே அடிகள். போன மாத நிலவில் என்ன இருந்தது, இந்த மாத நிலவில் என்ன இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

இதில் ஓர் உவமைகூடக் கிடையாது. நிலா எதைப்போலவும் இல்லை, சும்மா நிலாவாக இருக்கிறது. முதல் அடியையும் மூன்றாம் அடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்தில் 'அ' என்ற சுட்டு 'இ' என்று மாறுகிறது, மற்றதெல்லாம் அதே சொற்கள். அந்தச் சின்ன எழுத்து மாற்றத்துக்குள் ஒரு தகப்பனும் ஒரு மலையும் காணாமல் போகிறார்கள். நிலா மாறவில்லை, அதே வெள்ளை. வாழ்க்கை தலைகீழானபோதும் உலகம் பாட்டுக்கு இருக்கிறதே, அதுதான் இழந்தவர்களைக் கொல்லும். படிமம் அதைச் சொல்வதற்காக எங்கிருந்தோ கொண்டுவரப்படவில்லை. அன்று இரவு தலைக்கு மேலே அதுதான் இருந்தது.

வரிசையையும் கவனிக்கலாம். இருந்ததைச் சொல்லும்போது முதலில் அப்பா, பிறகு மலை. இழந்ததைச் சொல்லும்போது முதலில் மலை, பிறகுதான் அப்பா. நாமும் இப்படித்தானே பேசுவோம்? வீடு போச்சு, நகை போச்சு என்று சுற்றி வளைத்து, சொல்ல முடியாததைக் கடைசியில்தான் சொல்வோம். அப்புறம் தாளம். நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தின அடியில் ஒரு சீர் குறைந்து மூன்று சீர்தான் வரும். இது எல்லோருக்கும் பொதுவான யாப்பு விதி. ஆனால் இந்தப் பாட்டில் முரசு முழங்க வென்ற வேந்தர்கள் வந்து நிற்பது சரியாக அந்தக் குறைந்த அடியில். வாய்விட்டுப் படித்தால் மூச்சு அங்கே தடுக்கும். தடுக்கிய பிறகுதான் மலை போனதும் அப்பா இல்லாமல் போனதும் வருகின்றன.

இங்கே வடிவம் என்ன செய்கிறது? அழுகையை அழகாக்குவதைவிட, அழுகையைப் பிடித்து நிறுத்துகிறது. கொன்றார்கள் என்ற சொல் இல்லை, ஐயோ இல்லை. ஐந்து அடிக்குள் நிற்கவேண்டும் என்ற கட்டுப்பாடு, தேவையில்லாத ஒரு வார்த்தையைக்கூட உள்ளே விடவில்லை.

'அது சொந்தத் துயரம், நீ வெளியாள்' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தக் கதையிலேயே ஒரு வெளியாள் இருக்கிறார். பாரியின் நண்பர் கபிலரும் பறம்பை இழந்ததைப் பாடினார். பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், இவர்களை மணந்துகொள் என்று கேட்டதைப் புறநானூறே சொல்கிறது. பாட்டுக்கு வெளியேயும் அவருக்கு அந்தத் துயரத்தில் வேலை இருந்தது.

நம் ஊர் எழவு வீடுகளிலும் வெளியாள் அழுவது தப்பு இல்லை. ஒப்பாரி வைக்க வருகிற அக்கம்பக்கத்துப் பெண்கள் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. ராகம் பொது, உள்ளே வருகிற கண்ணீர் அவளவளுடையது. போன வருஷம் செத்த அவள் தம்பியும் அதில் வந்துவிடுவான். அடுத்தவர் வீட்டுத் துயரத்திலிருந்து அவள் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை, தன்னுடையதைக் கொண்டுவந்து சேர்க்கிறாள்.

நான் செய்தது நேர் எதிர். எதையும் கொண்டுபோகவில்லை, ஒரு செருப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். அது யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை. ஏனென்றால் எனக்கு வேண்டியிருந்தது செருப்பு இல்லை, ஓடம். உவமை முன்னாடியே மனதில் தயாராக இருந்தது, அதை மாட்டி வைக்க ஒரு ஆணி தேடிக்கொண்டிருந்தேன். நல்ல படிமம் வாசகரைப் பொருளின் பக்கம் திருப்பும். என்னுடையது என் பக்கம் திருப்பியது, இவன் எப்படிப் பார்த்திருக்கிறான் பாரேன் என்று. அழகாக எழுதியதில் குற்றம் இல்லை, பார்க்காமல் எழுதியதுதான் குற்றம். கவிதையில் பார்ப்பது என்பது திறமை சார்ந்த விஷயம் மட்டும் என்று நினைத்திருந்தேன். அது அறம் சார்ந்த விஷயமும்தான்.

போன மாதம் நண்பனிடம் கேட்டேன், அந்தச் செருப்பு எப்படி இருக்கும் என்று. ரொம்ப நேரம் பேசினான். வலது கால் வார் அறுந்து, அதில் ஊக்கு குத்தியிருந்ததாம். புதுசு வாங்கித் தர்றேன் என்று இவன் சொல்லச் சொல்ல, இதுக்கு என்னடா குறைச்சல் என்பாராம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். உடம்பை வாங்குகிற அவசரத்தில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள்தான் ஞாபகம் வந்தது, திரும்பப் போய்க் கேட்க வெட்கமாக இருந்ததாம்.

"இத எழுதலாமாடா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "எழுது. ஆனா ஓடம்லாம் வேணாம்."