அதிபரின் ஐயமும் ஆசிரியரின் துணிவும்

பாடசாலையொன்றின் உயர்வுக்கும் தாழ்வுக்கும் அதிபரே காரணர் என்பது நம்மிடையே வழங்கும் கூற்று. பரீட்சைப் பெறுபேறு, ஒழுக்கம், கட்டடம் ஆகியன கொண்டே அவரை அளக்கின்றோம். தம் ஆசிரியர்களின் பணித்துணிவை அவர் வளர்த்தாரா, சிதைத்தாரா என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது.

தன்னால் இச்செயல் இயலும் என்ற நம்பிக்கை எங்ஙனம் தோன்றுகின்றது என்பதனை அல்பேட் பண்டுரா என்னும் உளவியலாளர் 1977 இல் விளக்கினார். தானே செய்து கண்ட வெற்றி, தன்னையொத்தார் செய்யக் காண்டல், பிறர் கூறும் ஊக்கமொழி, உடல் உள நிலை என நான்கு ஊற்றுக்களை அவர் சுட்டினார். இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. நம் அதிபர்கள் பெரிதும் நாடுவதோ மூன்றாவதனை. பரிசளிப்பு விழாப் புகழுரைக்குச் செலவில்லை அல்லவா!

யான் உயர்தர வகுப்பிற் பயின்றபோது வரலாறு கற்பிக்க இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். நூலை மூடிவைத்து வினாத் தொடுப்பது அவரியல்பு. 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணத்தார் புறக்கணித்தமை தகுமா என ஒருநாள் வினவினார். இரு பாடவேளைகள் வாதிட்டோம். யன்னலருகே நின்று அவ்வாரவாரத்தைக் கேட்ட அதிபர், ஆசிரியரிடம் ஒரு சொல்லும் கூறினாரல்லர். வகுப்புத் தலைவனாகிய என்னை அழைத்து, வாரந்தோறும் என் குறிப்பேட்டைக் கொணருமாறும் வகுப்பில் நிகழ்வதைக் கூறுமாறும் பணித்தார். அதனை யான் பெருமையாகவே கருதினேன். எவரோ செய்தி கொண்டு செல்கின்றனர் என்பதை ஆசிரியர் அறிந்துகொண்டார். அடுத்த தவணை, புறக்கணிப்புக்கான காரணங்கள் ஐந்து என இலக்கமிட்டுக் குறிப்புச் சொல்லி எழுதுவித்தார். குறிப்பேடு நிரம்பிற்று; அதிபரும் மகிழ்ந்தார்.

ஆசிரியரின் தவறு பிள்ளைகளையே தாக்குமாதலின் அதிபர் கண்காணியாது விடலாமோ எனச் சிலர் கேட்பர். விடலாகாது. எனினும் கண்காணிப்பு வேறு, ஐயம் வேறு. முன்னது வகுப்பினுள் வந்தமர்ந்து, கண்ட குறையை உரியவரிடமே கூறும், மறுமொழிக்கும் இடந்தரும். பின்னது யன்னலுக்கு வெளியே நிற்கும். ஆராய்ந்து தெளிதலை ஓர் அதிகாரமாகவும், தெளிந்தாரிடம் வினையை ஒப்புவித்தலை அடுத்த அதிகாரமாகவும் வள்ளுவர் வைத்த முறை ஈண்டு நோக்கற்பாலது. ஆராயாது வழங்கும் புகழ்மொழியும் எனக்கு உடன்பாடன்று. பெறுபேற்றை உயர்த்தும் பொருட்டு மட்டுமே ஒருவரைப் புகழ்வது, மனிதரை வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்றின் அறநெறிக்கு முரணானது. அப்புகழ் பொய்யென்பதை ஆசிரியரும் விரைவில் உணர்வர்.

அவ்வதிபர் இடமாற்றம் பெற்றபின் வந்தவர், கடைசி வாங்கிலமர்ந்து முழுப் பாடத்தையும் கேட்டார். பின்னர் நெடுநேரம் ஆசிரியருடன் உரையாடினார். கால ஒழுங்கு பிழைபட்ட இடமொன்றையும் சுட்டிக்காட்டினாராம். அவ்வாண்டின் வரலாற்று மன்றப் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். ஆயினும் ஆசிரியர் மீண்டும் நூலை மூடிவைத்து வினவத் தொடங்க இரு தவணைகள் சென்றன. அதற்குள் எமது பரீட்சை முடிந்துவிட்டது. அவ்வினாக்கள் எமக்குப் பின்வந்த வகுப்பினருக்கே வாய்த்தன. குறிப்பேட்டைக் கொண்டு சென்றவன் யானே என்பதனை அவரிடம் இன்னும் கூறவில்லை.