தந்தையர்க்கும் துணை வேண்டும்

பழையாற்றங்கரையிலும் பூதலிங்கசுவாமி கோயிலின் முன்றிலிலும் நாலு பெரியவர்களின் வார்த்தையைக் கேட்டே தகப்பன் என்னும் ஸ்தானத்தின் பொறுப்புகளைக் கற்றுக்கொள்ளும் பாக்கியம் பெற்ற பூதப்பாண்டி என்னும் ஊரின் இளைஞன், ஜீவனத்தின் நிமித்தம் சென்னை போன்றதொரு மாநகரத்தில் குடியேறிய பின், குழந்தையின் ஜுரத்தைப் பற்றியும் தன் மனத்தின் அச்சத்தைப் பற்றியும் பேச ஒருவருமின்றித் தனித்து நிற்கிறான். மத்திய அரசு தன் ஆண் ஊழியருக்கு, இரு குழந்தைகள் வரை, மனைவியின் பிரசவ காலத்தில் 15 நாள் விடுப்பு அளிக்கிறது. விடுப்பு அவகாசத்தைத் தரும், ஆறுதலையோ மனிதர்தாம் தரவேண்டும். குடும்பத்தைத் தாங்குகிறவன் தன் பாரத்தைச் சொல்லலாகாது என்பது நெடுநாளைய பழக்கமேயன்றித் தர்மமாகாது. சகாயம் கேட்பதால் தகப்பனின் கௌரவம் குறைவதில்லை; கேளாது ஒதுங்குவதால் குழந்தையின் சந்தோஷமே குறைகிறது. சகாயம் பெறுவதற்கென ஒரு சங்கத்தை ஸ்தாபித்துத் தலைவரையும் காரியதரிசியையும் நியமிக்க வேண்டியதில்லை. பூங்காவிலோ, பள்ளியின் வாயிலிலோ, வாசகசாலையிலோ தந்தையர் சிலர் வாரந்தோறும் கூடி மனம்விட்டுப் பேசினால் அதுவே போதும். அயலூரில் தந்தையான அன்பரே, அண்டை வீட்டுத் தந்தையிடம் இன்றே பேச்சைத் தொடங்குங்கள்.