நாக்கின் சாட்சியம்

ஒரு பண்டத்தைத் தின்றுவிட்டு, ‘நன்றாயிருக்கிறது’ என்கிறோமே, அந்தத் தீர்ப்பைச் சொல்வது யார்? நாக்குத்தான் என்று வெகுநாள் வரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை போனது ஒரு பொட்டலம் பால்கோவாவினால். கொஞ்சம் வெட்கக்கேடான கதை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். அந்த ஊருக்கு ஆண்டாளும் கோபுரமும் தந்த பெருமை போக மீதியிருந்ததைப் பால்கோவா எடுத்துக்கொண்டது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பால், சர்க்கரை, நெருப்பு, மனிதனுடைய தோள்பட்டை - இந்த நான்கைத் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை விறகு அடுப்பில் வற்ற வைக்க வேண்டும். அகலமான இரும்புச் சட்டியின் முன்னால் நின்று, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் கை ஓய்ந்தால் பால் தீய்ந்துவிடும். கொஞ்சம் முந்தி இறக்கினால் பதம் வராது.

என் அத்தை மகன் ஒருவர் முப்பது வருஷமாக இந்தக் கிண்டுகிற வேலையில் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். ஒரு நாள் சென்னையிலிருந்து இரண்டு இலக்கிய நண்பர்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்காகப் பெயர்பெற்ற கடையொன்றிலிருந்து பெட்டி வாங்கி வைத்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து அத்தானும் வந்து சேர்ந்தார். கையில் எண்ணெய்க் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம்.

என் மனைவி இரண்டையும் இரண்டு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? பெட்டியிலிருந்து வந்ததை எடுத்து, “இதைப் பாருங்கள், மணல் மணலாக நாக்கில் கரைகிறது. முதலில் பால், பிறகு இனிப்பு, கடைசியில் லேசாக விறகுப் புகையின் வாசனை” என்றேன். பொட்டலத்திலிருந்ததைத் தொட்டுப் பார்த்து, “இது வேறு ஜாதி. சர்க்கரை முன்னால் வந்து நிற்கிறது, பால் பின்னால் ஒளிந்துகொண்டது” என்றேன். நண்பர்கள் தலையாட்டினார்கள். அத்தானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சாயங்காலம் அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வரும் சமயத்தில்தான் சொன்னார்: “மாப்ளே, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. ரெண்டும் ஒரே சட்டியிலே இறக்குனது. காலையிலே நான் கிண்டுனது. அந்தக் கடையிலேதான் இப்போ இருக்கேன். பெட்டியிலே போட்டா ஒரு விலை, காயிதத்திலே மடிச்சா ஒரு விலை. அம்புட்டுதான்.”

பஸ் போய்விட்டது. நான் நின்றேன்.

நண்பர்களுக்கு முன்னால் அவர் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மானத்தை அவர் காப்பாற்றினார். அவருடைய உழைப்பை நான் காப்பாற்றவில்லை.

பிற்பாடு சில விஷயங்களைப் படித்தேன். அவை மதுவைப் பற்றியவை. வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். 1976-ஆம் வருஷம் மே மாதம் பாரிஸில் ஒரு போட்டி நடந்தது. பெயரை மறைத்துவிட்டுக் கோப்பைகளை வைத்தார்கள். பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர் ருசி பார்த்தார்கள். சிவப்புத் திராட்சை மதுவில் முதலிடம் பெற்றது பிரான்ஸின் புகழ்பெற்ற சரக்கு அல்ல. அவ்வளவாகப் பெயர் தெரியாத கலிபோர்னியாச் சரக்கு. 2001-இல் போர்தோ ஆராய்ச்சியாளர்கள் வெள்ளைத் திராட்சை மதுவில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, மதுக்கலை படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். 2008-இல் அமெரிக்காவில் இன்னொரு சோதனை. ஒரே மதுவை 10 டாலர் என்றும், 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியதாகச் சொன்னபோது அதிகம் பிடித்தது என்றார்கள். மூளையைப் படமெடுத்துப் பார்த்தால், இன்பத்தை உணரும் பகுதியும் அதற்கேற்பக் கூடுதலாக வேலை செய்திருந்தது.

முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. பாரிஸ் நிபுணனே தடுமாறும்போது ராஜபாளையத்துக்காரன் தடுமாறினால் என்ன? நான் பொய் சொல்லவில்லையே! பெட்டிச் சரக்கு மெய்யாகவே அன்று எனக்கு அதிகம் ருசித்தது. விலை என்பது நாக்குக்குள்ளேயே புகுந்துகொள்கிற சர்க்கரை.

ஆனால் ஆறுதல் நீடிக்கவில்லை. என் குற்றம் நாக்கில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். பெட்டியை ரசித்தது குற்றமல்ல. அந்த ரசனைக்குச் சான்றாகப் பொட்டலத்தைத் தாழ்த்தினேனே, அது குற்றம். கொண்டுவந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தபோது அதைச் செய்தேன். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அத்தான் எந்தக் கடையில் வேலை பார்க்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. கடையின் பெயரும் விலையும் என் நாக்கில் ஏறி உட்கார இடமிருந்தது. கிண்டியவருடைய கைக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

அப்புறம் நானே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான்கு கடைகளில் கால் கிலோ வீதம் வாங்கி, கடைப்பெயர் தெரியாமல் தட்டில் வைக்கச் சொன்னேன். ஒன்று சந்தன நிறம், குழைவு. ஒன்று பழுப்பேறி, ஓரத்தில் சுண்டிய பாலின் காந்தல். ஒன்றில் தித்திப்பு மிகுதி. நான்காவது உதிரி உதிரியாக இருந்தது. முதல் நாள் காந்தலுக்கு முதலிடம் கொடுத்தேன். மறுநாள் அதே தட்டுகளில், கண்ணை மூடிக்கொண்டு, குழைவானதைத் தேர்ந்தெடுத்தேன். பெயரை மறைத்தாலும் நாக்கு நிலையாக நிற்கவில்லை. பலவீனமான சாட்சி அது. அதைக் கொண்டு நம் சந்தோஷத்தைச் சொல்லலாம். இன்னொருவனுடைய உழைப்புக்குத் தண்டனை விதிக்க முடியாது.

பெயருக்கும் விலைக்கும் மயங்காத நாக்கு எனக்கு இனிமேல் வரப்போவதில்லை. எப்படியும் ஏதாவது ஒன்று நாக்குக்கு முன்னால் வந்து பேசத்தான் போகிறது. அது பெட்டியாக இருப்பதைவிட, அடுப்புச் சூட்டில் நின்றவனாக இருக்கட்டுமே.

போன மாதம் அத்தானைக் கேட்டேன், எந்தக் கடைச் சரக்கு உசத்தி என்று.

“என்கிட்டக் கேக்காதீங்க மாப்ளே. நாள் பூரா அந்த வாசனையிலேயே நிக்கிறவனுக்கு அதைத் தின்னப் பிடிக்குமா? நான் கரண்டி இழுக்கிற கனத்தை வச்சுத்தான் பதம் பாக்கிறது” என்றார்.

அவர் ருசியே பார்ப்பதில்லை. அந்தக் கனம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அது தெரியாதவனுக்கு, ‘இது வேறு ஜாதி’ என்று சொல்ல அன்று எவ்வளவு சுலபமாக இருந்தது!