பிள்ளைகள் கற்கும் பணிவு

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழி பிறந்தால் நம் இல்லங்களில் குழந்தைகளின் குரல் ஓங்கும். திருப்பாவை 30 பாசுரங்களையும் தனியன்களோடு ஒப்பிக்கும் ஐந்து வயதுப் பிள்ளையைக் கோஷ்டி முழுதும் கொண்டாடுகிறது. பெரியோர் எழுந்தருளினால் விழுந்து ஸேவிக்கவும், ‘அடியேன்’ என்று விடை சொல்லவும் அதற்குப் பழக்கி வைக்கிறோம். அதே பிள்ளை பதினான்கு வயதை எட்டும்போது ஒரு கேள்வி கேட்கும். வாய் கேட்காவிடினும் முகம் கேட்கும். “மனத்தில் இல்லாத மரியாதையை உடம்பால் காட்டினால் அது பொய்யில்லையா?” அதிகப்பிரசங்கித்தனம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆயினும் கை கூப்பியிருக்க நெஞ்சு கூம்பாதிருப்பதை நம் பூர்வாசார்யர்கள் ஒருநாளும் உகந்தவர்களல்லர். ஆதலால் பிள்ளை கேட்பது ந்யாயமே. விடை சொல்ல வேண்டியது பெரியோரின் கடன்.

விடையின் முதற்பகுதி அத்தனை கடினமன்று. ‘அம்மா’ என்னும் சொல்லின் பொருளை ஆராய்ந்தறிந்த பின்பா குழந்தை அதைச் சொல்லத் தொடங்குகிறது? சொல் முன்னே வருகிறது. பொருள் பின்னே வந்து அதில் குடியேறுகிறது. கைகூப்புதலும் அத்தகையதே. இல்லாததை உள்ளதாகக் காட்டிப் பிறரை ஏமாற்றுவதே பொய். வரப்போவதற்கு இடம் செய்து வைப்பது பொய்யாகாது. அதிதி வருமுன் இலை போடுவதைப் பொய் என்பார் உண்டோ? ஆனால் இலையைப் போட்டுவிட்டுத் தளிகையே செய்யாத வீடும் உண்டு. அவ்வீட்டில் வளரும் பிள்ளை ‘இது பொய்’ என்று சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆக, ஆராய வேண்டியது இலையை அன்று; அதில் பரிமாறப்படுவது எங்கிருந்து வருகிறது என்பதை.

இவ்விடத்தில் நம்பிள்ளை ஈடு காட்டும் ஓர் ஐதிஹ்யம் நினைவில் வருகிறது. திருவாய்மொழி எட்டாம் பத்தில் பத்தாம் திருவாய்மொழி பாகவத சேஷத்வத்தைப் பேசுவது. அதில் அடியார்களைச் சிறியராயும் பெரியராயும் ஒருசேரச் சொல்லும் ஓரிடம் உண்டு. பாலரான பராசர பட்டர் தம் திருத்தகப்பனாரான கூரத்தாழ்வானிடம், ‘ஒருவரே சிறியராயும் பெரியராயும் இருப்பது எங்ஙனே கூடும்? முரண்படுகிறதே’ என்று கேட்டார். அவருக்கு அப்போது உபநயனம் ஆகவில்லை. ஆகவே வேதவாக்யத்தை எடுத்துக் காட்ட ஆழ்வானுக்கு இடமில்லை. மஹாபண்டிதரான அவர் என் செய்தார்? எம்பெருமானார் திருவடிகளில் ஒதுங்கியிருந்த ஸ்வாமிகள் சிலரைச் சுட்டி, ‘இவர்களைப் பார், திருமேனி சிறுத்திருக்கிறது, ஞானத்தாலும் அநுஷ்டானத்தாலும் பெருத்திருக்கிறார்கள்’ என்றார். கேள்வி அடங்கிற்று.

இதனைப் பெரும்பாலும் பட்டருடைய புத்தி கூர்மைக்கு எடுத்துக்காட்டாகவே உபந்யாஸங்களில் கேட்கிறோம். நமக்கு அதைக்காட்டிலும் ஆழ்வானுடைய விடையே வியப்பாயிருக்கிறது. பிள்ளைக்குப் ப்ரமாணமாக அவர் வைத்தவை நடமாடும் மனிதர்கள். அப்படிக் காட்டுவதற்குச் சிலர் அருகில் இருந்தார்கள் என்பது ஆழ்வானுடைய பாக்யம். இன்று ஒரு தகப்பனார் தம் பிள்ளைக்கு ‘இவரைப் பார்’ என்று யாரைச் சுட்டுவார்? பணம் படைத்த உறவினரையும் அயல்நாட்டில் வேலை பார்க்கும் சித்தப்பாவையும் சுட்டுவதற்குக் கை தானாக எழுகிறது. அண்டை வீட்டில் நோயுற்ற தமையனாரைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் எளியவரைச் சுட்டக் கை எழுகிறதா? அப்படிச் சுட்டிக்காட்டாத வீட்டில், பெரியோரை மதிக்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லும் சொல்லில் ‘பெரியோர்’ என்பதற்கே பொருள் இல்லாமற் போகிறது.

பட்டரைப் பற்றிய மற்றொரு ப்ரஸித்தமான வ்ருத்தாந்தத்தையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். தம்மை ஸர்வஜ்ஞர் என்று விருது கூறிக்கொண்டு பல்லக்கில் வந்த வித்வானை, தெருவில் விளையாடிக் கொண்டிருந்த பிள்ளை நிறுத்தி, ஒரு கை மணலை அள்ளி ‘இது எவ்வளவு?’ என்று கேட்டதும், வித்வான் திகைத்து நிற்க, ‘ஒரு பிடி என்று சொல்லக்கூடாதோ’ என்றதும் யாவரும் அறிந்ததே. இது மரியாதைக் குறைவு என்று பூர்வர்கள் எழுதி வைக்கவில்லை, உகந்தே எழுதியிருக்கிறார்கள். அந்த வித்வானும் பல்லக்கிலிருந்து இறங்கி அப்பிள்ளையைக் கொண்டாடினார் என்றே கதை முடிகிறது. எனவே பணிவு என்றால் வாய்மூடியிருத்தல் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நம் ஸம்ப்ரதாயத்தின் வழியன்று. கேள்வி கேட்கும் பிள்ளையைக் கண்டு அஞ்சும் பெரியவருக்கும் பல்லக்கைவிட்டு இறங்க மனமில்லாதவருக்கும் அதிக வேற்றுமை இல்லை. கேள்வியைத் தடுக்க வேண்டா. கேட்கும் விதத்தைத் திருத்தினால் போதும்.

இனிச் சற்றே கசப்பான பகுதிக்கு வருவோம். இளையாழ்வாராய்க் காஞ்சியில் இல்லறத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், திருக்கச்சி நம்பிகளுடைய சேஷத்தை ஸ்வீகரிக்க வேண்டும் என்று எம்பெருமானார் ஆசைப்பட்டு, அவரைத் தம் திருமாளிகைக்கு அமுது செய்ய அழைத்தார். நம்பிகள் பிறப்பால் அந்தணர் அல்லர். பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்து, அவனோடு நேரே வார்த்தையாடும் பேறு பெற்றவர். இளையாழ்வார் அவரை அழைத்துவரச் சென்ற வேளையில் அவர் வேறு வழியாக வந்து, அமுது செய்துவிட்டுக் கைங்கர்யத்துக்கு விரைந்தார். தேவிகள் மிகுந்ததைப் பிறர்க்குக் கொடுத்து, இடத்தைச் சுத்தி செய்து, நீராடி, புதிதாகத் தளிகை செய்யத் தொடங்கினார். திரும்பி வந்த இளையாழ்வாருக்கு உண்டான வருத்தம் குருபரம்பரையில் பேசப்படுகிறது.

இதனை ஒரு குழந்தையின் கண்ணால் பார்க்கலாம். அந்தத் திருமாளிகையில் ஒரு சிறுபிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அது என்ன கற்றிருக்கும்? அதிதியை ‘வாரும்’ என்று உபசரித்தது, இலை போட்டது, அமுது படைத்தது எல்லாவற்றையும் அது கண்டிருக்கும். கடுஞ்சொல் ஒன்றும் பேசப்படவில்லை. ஆனால் அவர் வாசலைத் தாண்டிய பிறகு நடந்ததைக் கண்டிருக்குமே, அதுதான் அதன் நெஞ்சில் நிலைத்திருக்கும். பிள்ளைகள் மரியாதையைக் கற்பது விருந்தினர் இருக்கும்போது அன்று. அவர் போன பிறகே. கதவு சாத்தியபின் கூடத்தில் பேசப்படும் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் அவை வீட்டுப்பாடம் எழுதிக் கொண்டிருக்கின்றன.

நம் மொழியே இதற்கொரு சோதனைக் கருவியாக அமைந்திருக்கிறது. ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் இரண்டு வைத்திருக்கும் மொழியில், யாருக்கு எது என்பதை ஒவ்வொரு வாக்யத்திலும் தீர்மானித்தாக வேண்டும். ஸ்வாமிகளை ‘தேவரீர்’ என்று விளித்து ஸேவித்தெழுந்த பிள்ளை, மறு கணமே, பாட்டி வயதில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளை ‘நீ ஏன் இன்னைக்கு லேட்டு?’ என்று கேட்கிறது. கேட்டவர்கள் சிரித்து மகிழ்வதும் உண்டு. இந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தில் இதைப் படித்தது? பெரியவர்களின் வாக்கிலிருந்தே எடுத்துக்கொண்டது. தெருவைப் பெருக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், சமையல் எரிவாயு உருளையைச் சுமந்து மாடியேறி வருபவர் என்று இந்தப் பட்டியல் நீளும். மேல்நோக்கி மட்டுமே செல்லும் மரியாதைக்குப் பயம் என்றோ ப்ரயோஜனம் என்றோ பெயரிடலாம். பணிவு என்று பெயரிடக் கூடாது.

வங்கிப் பணியில் இருந்த காலத்தில் இதனை நாம் நித்தியம் கண்டதுண்டு. மாதத்தின் முதல் நாள்களில் ஓய்வூதியம் வாங்க வரும் முதியோரில் கைநாட்டு வைப்போர் சிலர் இருப்பர். பெரிய வைப்புத்தொகை வைத்திருப்பவர் வந்தால் எழுந்து நிற்காத ஊழியர் இல்லை. கைநாட்டு வைக்கும் மூதாட்டிக்காக எழுந்து, மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி, வைத்தபின் விரலைத் துடைத்துக்கொள்ளக் காகிதமும் நீட்டிய இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் எந்த மதத்தினர், எந்தக் குலத்தினர் என்பது இங்கு வேண்டா. யாரும் அவருக்கு அதை உத்தரவாக இட்டதில்லை. அவர் வீட்டில் யாரோ அப்படிச் செய்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

எம்பெருமானார் ஸந்யாஸம் ஏற்றபின் திருவரங்கத்தில் என் செய்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். காவேரியில் நீராடிவிட்டுத் திரும்புகையில் பிள்ளை உறங்காவில்லி தாஸருடைய கையைப் பற்றிக்கொண்டு எழுந்தருள்வார். நீராடியபின் இவரைத் தீண்டலாமோ என்று சிஷ்யர்கள் நெஞ்சில் ஐயம் எழுந்தது. குலம், செல்வம், வித்யை என்று எதனாலும் செருக்கு இல்லாத ஒருவரைத் தொடுவதால் வருவது சுத்தியே என்பது அவர் திருவுள்ளம். காஞ்சியில் கண்ட குழந்தை இதையும் கண்டால் முன்பு கற்றதை மறக்கும்.

அப்படியாயின், பிள்ளை தவறும்போது திருத்துவது எவ்வாறு? ஸ்ரீபாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் யசோதைப் பிராட்டி கோலெடுத்துக் கண்ணனைத் துரத்திப் பிடிக்கிறாள். பிடித்தவுடன் குழந்தையின் கண்ணில் அச்சத்தைக் காண்கிறாள். கோலைக் கீழே போட்டுவிடுகிறாள். திருத்துவதைக் கைவிடவில்லை, கோலைத்தான் கைவிட்டாள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு கட்டப் பார்க்கிறாள். கயிறு ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலி குறைகிறது. கடைசியில் கட்டுண்டது எதனால்? தாய் வியர்த்து, கூந்தல் மலர் நழுவி, இளைத்து நிற்பதைக் கண்டு குழந்தை இரங்கிற்று. நம்மாழ்வார் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்ததாகப் பெரியோர் ஸாதிப்பது இந்த எளிமையை நினைத்தே. தாய் தன் அயர்வை மறைக்காதிருந்தாள். அதைக் காணும் இடம் குழந்தைக்குக் கிடைத்தது. இன்று பல வீடுகளில் தாயின் அயர்வைப் பிள்ளை காணாதபடி எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து முடித்துவிடுகிறார்கள். பிறகு பிள்ளைக்கு இரக்கம் இல்லை என்று குறைப்படுகிறார்கள்.

இரக்கத்தின் மற்றொரு முகம் புறங்கூறாமை. திருப்பாவை இரண்டாம் பாசுரத்தில் நோன்புக்குரிய விலக்குகளில் ஒன்றாக அதனை ஆண்டாள் வைத்திருக்கிறாள். அவ்விடத்து வ்யாக்யானம், அசோகவனத்தில் பத்து மாதம் தன்னை வருத்திய ராக்ஷஸிகளைப் பற்றிப் பெருமாளிடமோ திருவடியிடமோ பிராட்டி முறையிடாதிருந்ததை எடுத்துக்காட்டுகிறது. போர் முடிந்தபின் அவர்களைத் தண்டிக்கத் திருவடி அனுமதி வேண்டியபோதும், தவறு செய்யாதவர் உலகில் யார் என்று சொல்லி அவள் தடுத்தருளினாள். புலியால் துரத்தப்பட்டு மரமேறிய வேடனைக் காத்த கரடியின் கதையையும் குறிப்பிட்டாள். குழந்தைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல கதை அரிது. தன்னைக் கீழே தள்ளப் பார்த்தவனைப் பின்னும் தள்ள மறுத்த கரடியைப் பற்றிக் கேட்கும் பிள்ளை சிறிது நேரம் பேசாமல் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கோள் சொல்லாதே என்று பழக்கப்பட்ட பிள்ளை, தனக்கு ஒருவர் இழைக்கும் தீங்கையும் வெளியே சொல்லாமல் அடக்கிக்கொள்ள நேரலாம். அது பிராட்டி காட்டிய வழியன்று. தான் இன்னும் ஒரு மாதமே உயிர் தரித்திருப்பேன் என்று அவளே திருவடியிடம் சொல்லியனுப்பினாள். தன்னைக் காக்க வேண்டியவரிடம் தன் ஆபத்தை அறிவிப்பது சரணாகதியின் உயிர்நிலை. ஒருவரைத் தண்டிக்க வேண்டும் என்று சொல்வதும் தன்னைக் காக்க வேண்டும் என்று சொல்வதும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகவே சொல்லிவிட வேண்டும். மரியாதை என்ற பெயரால் பிள்ளையின் வாயை அடைப்பது பெரும் பாபம்.

பதினைந்தாம் பாசுரத்துக்கு வ்யாக்யாதாக்கள் கொடுத்திருக்கும் ஏற்றம் தெரிந்ததே. அது முழுதும் உள்ளிருக்கும் பெண்ணும் வெளியே நிற்பவர்களும் மாறி மாறிப் பேசுவது. பேச்சு சற்றே தடிக்கிறது. அந்நிலையில் உள்ளே இருப்பவள், பிறர் சொல்லும் குற்றம் தன்னிடம் இல்லையாகிலும் தன்னதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்கிறாள். செய்யாத குற்றத்துக்குத் தன்னையே காரணமாகச் சொல்லிக்கொண்ட ஸ்ரீபரதாழ்வானைப் பூர்வர்கள் இங்கே நினைப்பர். பாகவதர்களின் ஸ்வரூபம் இப்பாசுரத்தில் விளங்குவதாகக் கொள்வது மரபு. ஆனால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெரியோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும்: தங்கள் பிழைக்காகப் பிள்ளையிடம் ‘பொறுத்துக்கொள்’ என்று எப்போதாவது சொன்னதுண்டா? செய்யாத குற்றத்தை ஏற்கும் உயர்ந்த நிலையைப் பிள்ளையிடம் எதிர்பார்த்து, செய்த குற்றத்தைக்கூடத் தாம் ஏற்காதிருப்பது எங்ஙனே பொருந்தும்? பிள்ளையிடம் பொறுமை வேண்டினால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுவார் உண்டு. குறைந்ததை நாம் கண்டதில்லை.

எம்பெருமானார் மாதுகரத்துக்கு எழுந்தருளிய ஒரு நாள், திருவரங்கத் திருவீதியில் சில சிறுபிள்ளைகள் மண்ணில் விளையாடிக் கொண்டிருந்தனர். அவரைக் கண்டதும் காலாலேயே தரையில் கோடு கிழித்து, ‘ஜீயரே, இதோ உம்முடைய எம்பெருமான் திருமேனி’ என்று காட்டினர். காலால் கிழிக்கலாமோ என்று அவர் கோபிக்கவில்லை. பிள்ளை விளையாட்டு என்று கடந்து போகவுமில்லை. கையிலிருந்த பாத்ரத்தைக் கீழே வைத்து, அந்தக் கோட்டின் முன் வீதியிலேயே தண்டனிட்டருளினார்.