உண்ணுமிடத்து உள்ளம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆசிரியத்தொழில் புரியும் நாம், இடைவேளை மணி அடித்ததும் சோற்றுப் பொதியை அவிழ்க்கின்றோம். ஒரு கை சோற்றைப் பிசைய, மறு கை கொப்பி திருத்துகின்றது. அன்றேல் கைத்தொலைபேசியைத் தடவுகின்றது. பொதி வெறுமையான பின்னரே உண்டமை நினைவுக்கு வருகின்றது. இஃது உண்டலா, வயிற்றை நிரப்புதலா?

உண்ணத் தொடங்கி ஏறக்குறைய 20 நிமிடஞ் சென்ற பின்னரே நிறைவுணர்ச்சி நன்கு புலனாகும் என்பர் மருத்துவ நூலார். பத்து நிமிடத்தில் விழுங்குவார்க்கு அவ்வுணர்ச்சி எங்ஙனம் துணையாகும்? திருவள்ளுவனார் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே ஒரு மருந்தின் பெயரையேனும் கூறாது, முன்னுண்டது அற்றதையும் பசியையும் அளவையும் அறிதலையே பெரிதும் பேசினமை நோக்கத்தக்கது. நாவலரவர்களும் சைவ வினாவிடையிலே போசனத்திற்கு விதி வகுத்தார்கள். அவ்விதிகளை மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுத்த வாயினாலேதான் நாம் விழுங்குகின்றோம்!

எனினும், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே காலையுணவின்றி வகுப்பிற்கு வந்த பிள்ளைகளை நாம் மறத்தலாகாது. அவர்க்கு ‘அளவறிந்து உண்’ என்று போதித்தல் கொடுமை. அளவென்பது குறைத்தலன்று, பசித்த பிள்ளைக்கு மேலுமொரு பிடி சோறே அளவாம். போதுமென்று கையெடுத்த பிள்ளையை ‘மிச்சம் வையாதே’ என்று அதட்டி உண்பித்தலோ, அப்பிள்ளை தன் வயிறு சொல்வதைக் கேளாதவாறு செய்தலாம். இதனை அன்பென்று எண்ணி நாமே பலகாற் செய்திருக்கின்றோம்.