உளுந்து இலைக்குள் நடக்கும் போர்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெல்லுக்கிடையே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மிஞ்சிய ஈரமும் பனியுமே அதை வளர்க்கும். மாசி வெயில் ஏறி வெள்ளை ஈ பெருகினால் துளிர் இலையில் மஞ்சள் புள்ளிகள் சிதறித் தெரியும். சில நாளில் இலை முழுதும் மஞ்சள். இதுதான் மஞ்சள் தேமல் நோய்.

ஈ சாறு உறிஞ்சும்போது இலைக்குள் இறங்கும் வைரஸின் சொத்து, இரண்டு டி.என்.ஏ. வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். தன்னைப் படியெடுக்கும் நொதிகூட அதற்குச் சொந்தமாக இல்லை. செல்லின் நொதியைத்தான் வேலை வாங்குகிறது.

இலை சும்மா இருப்பதில்லை. வைரஸ் தாக்கிய புகையிலை இலையில் அதுவரை காணாத புரதங்கள் தோன்றுவதை 1970-ல் நெதர்லாந்திலும் பிரான்சிலும் தனித்தனியே கண்டார்கள். 1979-ல் இங்கிலாந்தில் வைட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரினைச் செலுத்தினார். வைரஸ் நுழையாமலே அதே புரதங்கள் வந்தன, பிறகு வந்த வைரஸும் அடங்கியது. செடி தானே சுரக்கும் சாலிசிலிக் அமிலமே அபாயச் செய்தி என்பது பின்னர் உறுதியானது. வியப்பு என்னவென்றால், இப்புரதங்களில் சில பூஞ்சையின் செல்சுவரைக் கரைப்பவை. வைரஸுக்கோ சுவரே கிடையாது. எந்தப் பகைவன் என்று பாராமல் இலை எல்லா ஆயுதத்தையும் எடுக்கிறது.

இன்னொரு வகை, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். சூட்டில் உருக்குலையும் மற்ற புரதங்களைச் சரியாக மடித்து நிறுத்துவது இவற்றின் பணி. வைரஸ் நுழைந்தாலும் இவை பெருகும். ஆனால் வைரஸின் புரதங்களுக்கும் மடிப்பு வேண்டுமே! வெள்ளை ஈ பரப்பும் தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸ், ஹெச்.எஸ்.பி. 70 என்னும் புரதத்தைத் தனக்கே பயன்படுத்துகிறது. அதைக் குறைத்தபோது வைரஸும் குறைந்தது. உளுந்தின் வைரஸ் அதே குடும்பம்.

ஆகவே, நோயுற்ற இலையில் இப்புரதங்கள் ஏறியிருப்பதை மட்டும் பார்த்து ஒரு ரகத்தை எதிர்ப்புள்ளது என்று சொல்வது தவறு என்பேன். எந்தப் புரதம், எவ்வளவு சீக்கிரம், யாருக்காக என்பதைப் பார்க்க வேண்டும். வம்பன் 8 போன்ற தாங்கும் ரகங்களை வயலில் வைரஸோடு மோதவிட்டே தேர்ந்தெடுக்கிறார்கள்.