'டைடாக்டிக்' என்னுஞ் சொல்லும் அறிவுறுத்துவார் நிலையும்

ஆங்கிலத்திலே 'டைடாக்டிக்' என்றொரு பெயரடைச் சொல் வழங்குகின்றது. 'டிடாக்டிக்' என்று ஒலிப்பாரும் உளர். கற்பிக்கும் நோக்கமுடையது, சிறப்பாக ஒழுக்கத்தை அறிவுறுத்தும் நோக்கமுடையது என்பது அதன் நேர்ப்பொருள். ஆயின், இக்காலத்து ஆங்கில மதிப்புரைகளிலே ஒரு கதையையோ நாடகத்தையோ இச்சொல்லாற் குறித்தனராயின், அஃது இகழ்ச்சியென்றே பெரும்பாலுங் கொள்ளல் வேண்டும். கதை சொல்ல வந்தவர் கதையை விட்டுப் பாடஞ் சொல்லத் தொடங்கிவிட்டார் என்பது அதன் குறிப்பு. கல்வி நன்றென்பதில் ஒருவர்க்கும் ஐயமில்லை. கற்பிப்போர் தொழில் உயர்ந்ததென்பதிலும் ஐயமில்லை. அங்ஙனமாக, கற்பிப்பது என்னும் பொருள்பட நின்றதொரு சொல் வசையாயினது என்னை? பிறர்க்கு நல்லது சொல்லப் புகுவார் அனைவரும் ஆராய்தற்குரியதொரு வினா இதனுள் அடங்கிக் கிடத்தலின், ஈண்டு அதனைச் சிறிது ஆராய்வாம்.

இச்சொல் கிரேக்க மொழியினின்றும் வந்தது. அம்மொழியில் 'டிடாஸ்கோ' என்றால் கற்பிக்கின்றேன் என்பதாம். 'டிடாக்டிகோஸ்' என்றால் கற்பிக்க வல்லவன் என்பதாம். ஏதென்சு நகரத்திலே நாடகப் புலவனுக்கே 'டிடாஸ்கலோஸ்', அஃதாவது ஆசிரியன், என்று பெயர் வழங்கிற்று. பாடற்குழுவினர்க்குப் பாட்டும் ஆட்டமும் பயிற்றியவன் அவனேயாதலின். கி.மு. 405-ல் அரங்கேறிய 'தவளைகள்' என்னும் நகைநாடகத்தில் அரிஸ்டோபேனிஸ், சிறுவர்க்குப் பள்ளியாசிரியன் எவ்வாறோ வளர்ந்தார்க்குப் புலவன் அவ்வாறு என்னுங் கருத்தை எஸ்கிலஸ் என்னும் மூத்த புலவன் வாயில் வைத்துக் கூறினர். புலவனை ஆசிரியன் என்றல் அங்கே புகழேயன்றி வசையன்று.

கிறிஸ்துவ வேதத்திலும் இச்சொல் வருகின்றது. பவுலடியார் பெயரால் தீமோத்தேயு என்பார்க்கு எழுதப்பட்டனவாக வழங்குந் திருமுகங்கள் இரண்டிலும் சபையை நடத்துவானுக்குரிய குணங்களுள் ஒன்றாக அஃது எண்ணப்பட்டுளது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பிற் 'போதகசமர்த்தன்' என்றிருத்தல் காண்க. இரண்டாந் திருமுகத்திலே அச்சொல்லின் இருமருங்கும் நிற்பன யாவை? முன்னே பூசலிடாமையும் யாவர்மாட்டுஞ் சாந்தமும், பின்னே பொறுமை. கற்பிக்கும் வன்மையை அவ்வாசிரியர் தனியே நிறுத்திலர். சமயம் வேறாயினும் இவ்வைப்புமுறை நாம் கருதத்தக்கது. துணையாய் நின்ற இவ்விரண்டும் மருங்கினின்றும் அகன்றபொழுதே அச்சொல் இழிந்தது என்பது எமது துணிபு.

பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்த காலத்தும் அதற்கு வசைக்குறிப்பு இலது. உழவு பாடிய ஹீசியட், வெர்ஜில் என்பாரையும், அணுக்கொள்கை பாடிய லுக்ரீஷியஸ் என்பாரையும் ஒரு வகையிற் சேர்த்தெண்ணுதற்கே அது பயன்பட்டது. இவருள் லுக்ரீஷியஸ் ஓருவமை கூறினர். பிள்ளைகட்குக் கசப்பு மருந்தூட்டும் வைத்தியர் கிண்ணத்தின் விளிம்பிலே தேன் தடவுதல்போல, தாமும் மெய்ப்பொருளைக் கவியின்பந் தடவிக் கொடுக்கின்றாராம். உவமை அழகிது. ஆயினும் பின்வந்த கேட்டிற்கு வித்தும் அதனுள்ளே கிடக்கின்றது. பொருள் கசப்பென்றும் கவி தேனென்றும் ஒருமுறை பிரித்துவிட்டால், பின்வருவார் தேனை நக்கி மருந்தை உமிழ்தல் இயல்பேயன்றோ?

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலர் இவ்வகைப் பாட்டுக்கள் பலவற்றை இயற்றினர். அவற்றுள் ஒன்றைமட்டுங் கூறுதும். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய செயின்ட் கிட்ஸில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் கிரெயிஞ்சர் என்பவர் இயற்றிய 'கரும்பு' என்னும் நெடும்பாட்டு 1764-ல் வெளிவந்தது. கரும்பு பயிரிடுதல், அதற்கு வரும் இடையூறுகள், சர்க்கரை காய்ச்சுதல் என்பனவற்றைக் கூறிய பின், நான்காம் பகுதியில் ஆப்பிரிக்காவினின்றுங் கொணர்ந்த அடிமைகளைத் தேர்ந்து வாங்குமாறும் நோய் தீர்த்து ஆளுமாறும் அவர் கற்பிக்கின்றனர். அவர்மாட்டு இரக்கங் காட்டுகவென்றும் உரைத்துளர். ஆயினும் அஃது உடையானை நோக்கி உரைத்த இரக்கம். உடைமையாக்கப்பட்டோர் அப்பாட்டைக் கேட்டற்குரியராக வைக்கப்பட்டிலர். அதன் பாடப்பொருளாக மாத்திரமே நின்றனர். ஆகலின், ஒரு நூல் கற்பிக்கின்றது என்பது தானே அதற்குச் சிறப்பாகாது. யாது கற்பிக்கின்றது, யாரை மனிதராக எண்ணிக் கற்பிக்கின்றது என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன.

அடுத்த நூற்றாண்டிலே காற்று மாறியது. 1820-ல் வெளிவந்த 'பிராமிதியஸ் அன்பவுண்டு' என்னும் நூலின் முன்னுரையில் ஷெல்லி, இவ்வகைப் பாட்டினைத் தாம் அருவருப்பதாக எழுதினர். உலகைத் திருத்தும் வேட்கை தமக்குண்டென்று அம்முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டவரும் அவரே. உரைநடையில் அத்துணைச் செவ்விதாகவே சொல்லத்தக்கதனைப் பாட்டிற் சொல்லுதல் சலிப்பூட்டும் என்பதே அவர் தடை. இது நியாயமான தடைதான். அமெரிக்கராகிய எட்கர் ஆலன் போ இதனினும் மேற்சென்றனர். அவர் இறந்தபின் 1850-ல் வெளிவந்த கட்டுரையொன்றில், ஒழுக்கம் புகட்டலே கவிக்குப் பயன் என்னுங் கொள்கையை, வேதப்புரட்டைக் குறிக்குஞ் சொல்லாலேயே சாடினர். இங்ஙனந்தான் நடுநிலையாய் நின்ற சொல் வசைப்பக்கஞ் சாய்ந்தது. நறுமணத்துக்கு வழங்கிய 'நாற்றம்' நம்மிடைப் பட்ட பாட்டினை அறிந்தார்க்கு இஃதொரு வியப்பன்று.

இவ்வசையைப் புகழாகவே ஏற்றுக்கொண்டவர் பெர்னார்டு ஷா. 1913-ல் வியன்னாவில் முதன்முதல் நடிக்கப்பெற்ற 'பிக்மேலியன்' நாடகத்தின் முன்னுரையில், தம் நாடகம் கருதியே கற்பிப்பது என்றும், பெருங்கலை பிறிதாதல் இயலாது என்றும் அவர் பெருமிதத்தோடு கூறினர். அவர் கற்பிக்கக் கருதியது ஒலிநூலின் பெருமை. நாடகத்துள்ளும் கற்பித்தலே கதை. ஹிக்கின்ஸ் என்னும் ஒலிநூற் பேராசிரியர் பூவிற்கும் ஏழைப்பெண்ணாகிய எலைசாவுக்குச் செல்வர் பேச்சைக் கற்பித்து, அவளைப் பெருமகளாகவே உலகங் கருதுமாறு செய்துவிடுகின்றனர். வன்மையிற் குறைவில்லாத ஆசிரியர். ஆயின் அவளை மண்கட்டிபோலவே நடத்துகின்றனர். இறுதியில் அவள் கூறுவது யாது? தன்னை உயர்த்தியது அப்பேச்சுப் பயிற்சியன்றாம். முதல்நாளே தன்னை 'மிஸ் டூலிட்டில்' என்று மரியாதையாக விளித்த கர்னல் பிக்கரிங்கின் செயலாம். தன்மதிப்பு தனக்கு அன்றுதான் தொடங்கிற்றாம்! அவரோ அவளுக்கு ஒரு பாடமும் நடத்தியவரல்லர். ஷா தம் முன்னுரையிற் கூறிய பாடத்தினும் இப்பெண் கூறிய பாடமே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

இதனால் விளங்குவது யாதெனின், மதிப்புரைகாரர் இச்சொல்லாற் சுட்டுங் குற்றம் மெய்யாகவே உளது. ஆயின் அது கற்பித்தலின் கண்ணதன்று, கற்பிப்பவன் நிற்கும் நிலையின் கண்ணது. கேட்பானைக் கீழே நிறுத்தித் தான் மேலே நின்று சொல்லும் நன்மொழி எத்துணை உண்மையாயினும் செவியிற் பட்டுத் திரும்பிவிடும்.

அற்றாயின் கேட்பார்மாட்டுக் குற்றமில்லையோ எனின், உண்டு. எவ்வறிவுரையையும் 'டைடாக்டிக்' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடும் வழக்கம், தன்னைத் திருத்த ஒருவர்க்கும் உரிமையில்லை என்னுஞ் செருக்குக்கு நல்லதொரு போர்வையாகின்றது. நன்னூலார் நல்லாசிரியர்க்கு இலக்கணம் வகுத்ததோடு அமையாது மாணாக்கர்க்கும் வகுத்தது இருதலையும் வேண்டுமென்பது கருதியே. நம் வீடுகளிலும் 'உபதேசஞ் செய்ய வந்துவிட்டாயோ' என்று வெகுளுவார் உளரன்றோ? மடங்களிலே செவியறிவுறூஉவாகப் பணிந்து ஏற்கப்படுஞ் சொல்லே அது.

இச்சொல் தமிழ்நூல்களின்மேலும் ஏறியுளது. பதினெண்கீழ்க்கணக்கு முழுதையும் 'டைடாக்டிக்' நூல்களென்று ஆங்கிலத்தில் எழுதுவார் உளர். அறங்கூறுவன அவற்றுட் பதினொன்றே; ஆறு அகம்; களவழி நாற்பது புறம். கார்கால வருகையை நோக்கி வருந்துந் தலைவி யார்க்குப் பாடம் நடத்துகின்றாள்? திருக்குறளிலும் காமத்துப்பாலின் இருபத்தைந்து அதிகாரங்களில் தலைவனுந் தலைவியுந் தோழியும் பேசுகின்றனரேயன்றி, ஆசிரியர் முன்னின்று அறிவுறுத்துகின்றிலர். எனவே அப்பெயர் இத்தொகைக்கு அரைகுறையாகவே பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது ஒன்றுளது. கல்வித் துறையிலே இச்சொல் இன்றும் வசையற்றே நிற்கின்றது. ஜெர்மானியர் 'டிடாக்டிக்' என்று பெயர்ச்சொல்லாகவே வழங்குவது கற்பிக்கும் முறைபற்றிய நூற்றுறையை. மருத்துவக் கல்லூரிகளில் நோயாளியின் கட்டிலருகே பயிலும் பயிற்சியினின்றும் பிரித்துணர்த்த, வகுப்பறையில் நிகழும் பாடத்தை இப்பெயரடையாற் குறிப்பர். அவ்விடத்து 'உபதேச வகுப்பு' என்றெழுதினால் மாணாக்கர் நகைப்பர். 'விரிவுரை வகுப்பு' என்றலே அமையும்.